செவ்வாய்க்கிழமை காயும் சோப்பு

மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு இறக்குகிற முடியில் சோப்பு படாது. வெறும் தண்ணீர்தான். அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் கூட்டத்தில் குலதெய்வம் என்று குழந்தையைத் தூக்கி வரும் குடும்பங்களை உட்காரவைத்து, தலையை நனைத்து, விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து முடியின் வேர்வரை தண்ணீரை ஏற்றிய பிறகுதான் கத்தி தலையில் ஏறும். எத்தனை நெருக்கடி என்றாலும் அந்த நனைக்கிற நேரத்தில் கை வைக்கக் கூடாது. "தண்ணி குடிக்காத முடி கத்திக்கு அடங்காதுடா" என்பார் அப்பா. அவர் வளத்திப் பக்கத்து ஊர்களில் குடிமகனாக, அதாவது ஊர் நாவிதராக, வேலை பார்த்துவிட்டு, பிறகு செஞ்சிக்கு வந்து நாற்காலி போட்டு சலூன் வைத்தவர். அவருக்குப் பின் அந்தக் கடையை நான் நடத்தினேன். சவரச் சோப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் எனக்குத் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வருகிறது.

அப்பா கிராமத்தில் சுமந்த அடைப்பம் தோலில் தைத்தது. பிரித்தால் இரண்டு சவரக் கத்தி, ஒரு கத்தரிக்கோல், தீட்டுகிற கல், தோல்வார், நகம் எடுக்கிற சின்ன உளி, கைக்கண்ணாடி, ஒரு துண்டு படிகாரம், ஒரு பித்தளைக் கிண்ணி. சோப்புக்கு அதில் இடமே கிடையாது. தாத்தா காலத்து அமைப்பு அது. கிணற்றடியிலோ வேப்பமரத்து நிழலிலோ எதிரெதிரே குந்தி உட்கார்வார்கள். கிண்ணித் தண்ணீரை நாலு விரலால் தொட்டு, தாடையில் வைத்து, முடி வளர்ந்த போக்குக்கு எதிராக வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். காய்ந்தால் மறுபடி தொடுவார். இரண்டு மூன்று நிமிடம் இப்படி ஊறினால் முடி இளகிப் பருத்துவிடும். அதை வெட்டத் தேவைப்படும் அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். இன்றைக்கு எந்த நுரை எந்த டப்பாவில் வந்தாலும் அடிப்படை இதுதான். நுரை முடியை மென்மையாக்குவதில்லை. தண்ணீர்தான் மென்மையாக்குகிறது. அந்தத் தண்ணீர் ஓடிவிடாமலும் காய்ந்துவிடாமலும் முகத்தில் பிடித்து வைப்பதும், கத்தி வழுக்கிப் போக இடம் கொடுப்பதும்தான் நுரையின் வேலை.

இந்தத் தொழிலின் பழமைக்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 1014 வாக்கில் வெட்டிவைத்த நீண்ட பணியாளர் பட்டியலில், ஆடல் மகளிர் நானூறு பேருக்குப் பின்னால், தையல்காரர், வண்ணார், குயவர் வரிசையில் நாவிதருக்கும் பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்துக்கு இன்னும் கிட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு பதினைந்து படுக்கை கொண்ட ஓர் ஆதுலசாலையைச் சொல்கிறது. அங்கே வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், இவர்களோடு ஒரு நாவிதரும் சம்பளப் பட்டியலில் இருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாதிரியார் துய்புவா, இந்தப் பக்கத்து நாவிதர்களே ரண வைத்தியமும் பார்த்தார்கள் என்று பதிந்திருக்கிறார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பா கட்டி கீறுவார், பாட்டி பிரசவம் பார்ப்பாள். பாட்டி கையால் வெளிச்சத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு அப்பா முதல் மொட்டை போட்டிருக்கிறார், மேல்மலையனூரிலேயே.

கூலி காசாக வராது, நெல்லாக வரும். அறுப்பு முடிந்து களத்தில் பொலி அளக்கும்போது நாவிதர், வண்ணார், தச்சர், கொல்லர், வெட்டியார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. மேரை என்பார்கள். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற ஆங்கிலப் பொறியாளர் செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்களை அளந்து எழுதிய கணக்கில், ஊர் ஊராக இந்தப் பங்கு நிற்கிறது. அந்தப் பங்குக்கு நாங்கள் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். பத்து வயதுப் பையனும் அப்பாவைப் பெயர் சொல்லி "வாடா" என்று கூப்பிடுவான். அப்பா அவனை "சாமி" என்பார். சவரம் முடிந்த ஆள் நேரே கிணற்றுக்குப் போய், சீயக்காயோ அரப்போ தேய்த்துக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார். நாங்கள் தொட்டது தீட்டு. அப்பாவால் சேரிக்குள் போகவும் முடியாது. சேரி மக்களுக்குக் கத்தி வைத்தால் ஊரில் மேரை நின்றுவிடும். அவமானத்தை மேலிருந்து வாங்கிக் கீழே கொடுத்த வரிசையில் எங்கள் ஆட்களும் நின்றார்கள். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, தீண்டாமையைக் காட்டித் தொழில் செய்ய மறுப்பதும் குற்றமான பிறகுகூடக் கிராமத்தில் அது லேசில் மாறவில்லை.

இந்த இடத்தில்தான் சோப்பு வருகிறது.

1888-இல் கல்கத்தா துறைமுகத்தில் துணி துவைக்கிற சன்லைட் சோப்புப் பெட்டிகள் இறங்கின, 1895-இல் லைஃப்பாய். 1914-இல் சென்னை அரசாங்கமே, மீன்வளத் துறையை வளர்த்த பிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியில், கோழிக்கோட்டில் சோப்பு நிலையம் தொடங்கியது. 1917-இல் டாட்டா எண்ணெய் ஆலை கொச்சியில். அந்தக் கம்பெனியின் ஹமாம் 1931-இல். மாட்டுக் கொழுப்பு கலந்திருக்குமோ என்று சீமைச் சோப்பைத் தொடத் தயங்கிய வீடுகளுக்கு, முழுக்கத் தாவர எண்ணெயில் செய்தது என்று சொல்லி ஆர்தேஷிர் கோத்ரெஜ் தன் சோப்பைக் கொண்டுவந்தார். பின்னாளில் அந்தப் பெயரில் வந்த சவரக் குச்சியும், வட்டமான சவரக் கட்டியும் நம் ஊர் சலூன்களில் நெடுங்காலம் இருந்தன.

குளிக்கிற சோப்பும் சவரச் சோப்பும் ஒன்று அல்ல. மூலப் பொருளாகப் பார்த்தால் இரண்டும் எண்ணெயும் காரமும் சேர்ந்ததுதான். ஆனால் எந்த எண்ணெய், எந்தக் காரம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். தேங்காயெண்ணெய்ச் சோப்பு பொசுக்கென்று நுரைக்கும், பொசுக்கென்று அடங்கும். நுரை பெரிது பெரிதாக இருக்கும், ஒரு கன்னம் மழிப்பதற்குள் மறு கன்னம் காய்ந்துவிடும். நுரை நிற்க வேண்டுமானால் ஸ்டியரிக் அமிலம் நிறைய வேண்டும். கொழுப்பிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல். அவருடைய பெரிய நூல் 1823-இல் வந்தது. அடுத்து காரம். சோடியம் காரம் சோப்பைக் கல்லாக இறுக்கும். பொட்டாசியம் காரம் இளக்கித் தண்ணீரில் சீக்கிரம் கரையவைக்கும். இரண்டையும் கலந்தால்தான் கையில் கட்டியாகவும் பிரஷ்ஷில் உடனே இறங்குவதாகவும் இருக்கும். அமெரிக்காவில் 1840-இல் தொடங்கிய வில்லியம்ஸ் கம்பெனி, குவளைக்குள் போட்டு வைக்கிற வட்டச் சோப்பாக இதை உலகம் முழுக்க விற்றது.

நாற்காலி வந்தது, குவளையும் வந்தது. செஞ்சியில் கடை போட்டதும் அப்பாவைக் கூப்பிடுகிற விதமே மாறியது. கிராமத்தில் அவரை "வாடா" என்றவர்களின் பிள்ளைகள், கடைக்குள் வந்து, "அண்ணே, எனக்கு இன்னும் எத்தனை பேர்?" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்தத் தெரு என்று நகரத்து பெஞ்சுக்குத் தெரியாது. கிராமத்தில் கத்தி மறுக்கப்பட்ட மனிதர் இங்கே காசு கொடுத்து, அதே நாற்காலியில், அதே துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். சவரச் சோப்பின் வரலாறு என்றால் எனக்கு வாசனையும் கம்பெனிப் பெயரும் இரண்டாம் பட்சம்.

குவளையில் நுரை ஏற்றும் விதத்தை அப்பா எனக்குக் கடை திறக்கும் முன் காலையில் சொல்லிக்கொடுத்தார். முதலில் பிரஷ்ஷைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். எங்களிடம் இருந்தது பன்றி மயிர் பிரஷ், ஊறாவிட்டால் குத்தும். அது ஊறுகிற நேரத்தில் கட்டியின் மேல் ஒரு ஸ்பூன் வெந்நீரை ஊற்றி விட்டுவிட வேண்டும். மேல்தோல் மட்டும் இளகும். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷ்ஷை ஓர் உதறு உதறி, கட்டியின் மேல் வட்டமாகச் சுற்ற வேண்டும். அழுத்தக் கூடாது. ஆரம்பத்தில் வெறும் குமிழாக வரும். புதியவர்கள் இதைப் பார்த்ததும் நுரை வந்துவிட்டது என்று முகத்துக்குப் போய்விடுவார்கள். விடாமல் சுற்றினால் குமிழ் சுருங்கிப் பிசின் மாதிரி மயிர்க்காலில் ஒட்டும். அதுதான் சரக்கு. அதற்கு மேல் தேவை தண்ணீர் மட்டுமே, அதுவும் சொட்டுச் சொட்டாக, பிரஷ் நுனியைக் கிண்ணியில் தொட்டுத் தொட்டு. கன்னத்தில் வைத்துச் சுற்றச் சுற்ற நுரை பொங்கும். அரைத்து முடித்த உளுந்து மாவு போல, விரலால் வழித்தால் நுனி வளைந்து நிற்க வேண்டும். சொதசொதவென்று வழிந்தால் தண்ணீர் கூடிப்போயிற்று, பிரஷ்ஷோடு இழுபட்டால் குறைவு. இதெல்லாம் முடிய இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும். அதாவது கிணற்றடியில் விரலால் தேய்த்த அதே நேரம். கட்டிச் சோப்பு எங்கள் கைக்கு அவ்வளவு எளிதாகப் பொருந்தியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். காத்திருக்கத் தெரிந்த கைகளுக்கு அது புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் மோசமானால் எந்தச் சோப்பும் உதவாது. செஞ்சி பாறை நாடு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று சுற்றிலும் கருங்கல். பல கிணற்றிலும் போரிலும் வருவது பருப்பு வேகாத தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகத் திரண்டுவிடும், நுரை எழும்பாது. முகத்தில் வெள்ளைப் பொருக்காக ஒட்டும். செஞ்சிக் கோட்டையில் இருந்தவர்களுக்கு நல்ல தண்ணீரின் அருமை தெரிந்திருந்தது. மழையைப் பிடித்து வைக்கச் செட்டிகுளமும் சக்கரகுளமும் வெட்டினார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக்கியபோது எல்லோரும் சிவாஜியையும் தேசிங்கையும் பேசினார்கள். எனக்கு அந்தக் குளங்கள் ஞாபகம் வந்தன. எங்கள் கடையில் ஐப்பசி கார்த்திகையில் கூரை ஓட்டுத் தண்ணீரைப் பானையில் பிடித்து வைத்து, நுரை ஏற்ற மட்டும் எடுப்போம். மழைத் தண்ணீரில் பாதிச் சோப்பு போதும்.

இனிச் சோப்பைப் பத்திரப்படுத்துவது. கட்டிச் சோப்புக்கு எதிரி தண்ணீர், நண்பனும் அதுதான். உபயோகிக்கும்போது ஈரம், உபயோகித்த பின் காய்ச்சல், இந்த இரண்டும் மாறி மாறி வந்தால் ஒரு கட்டி ஒரு வீட்டுக்கு மாதக்கணக்கில் வரும். காயாமல் நின்றால் மேல்பகுதி கூழாகிப் பிரஷ்ஷோடு வீணாகப் போகும். புதுக் கட்டியை வாங்கியதும் உறையைப் பிரித்து, காற்றாட மச்சில் அடுக்கி வைப்பது அம்மா வேலை. துவைக்கிற பார் சோப்பை நூல் கொடுத்து அறுத்துக் காயவைக்கிற அதே பழக்கம். உள்ளே இருக்கும் ஈரம் போகப் போகக் கட்டி இறுகும், அளவாகக் கரையும். முதலில் பித்தளைக் கிண்ணியிலேயே சோப்பை அழுத்தி வைத்துப் பார்த்தார் அப்பா. ஓரமெல்லாம் பச்சை பூத்துவிட்டது. சோப்பின் கொழுப்பு செம்பைத் தின்னும். எவர்சில்வர் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை விட்டது. மிச்சத் துண்டுகளைத் துருவி, ஒரு சொட்டு வெந்நீர் தெளித்து, கட்டைவிரலால் அழுத்திப் புதுக் கட்டியின் மேலேயே ஒட்டிவிடுவோம். பிரஷ்ஷை நன்றாக அலசி, உதறி, மயிர் கீழ்நோக்க ஆணியில் தொங்கவிட வேண்டும். குவளைக்குள்ளேயே நட்டுவைத்தால் அடி அழுகி மயிர் கொட்டும்.

வீட்டில் இது நடக்கும். கடையில் எப்படி நடக்கும்? காலையில் நனைந்த குவளை ராத்திரி கடை சாத்தும்வரை காய நேரமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கட்டியின் மேல் எப்போதும் கூழ் நிற்கும். அதற்கு ஒரே விடிவு செவ்வாய்க்கிழமை. செவ்வாய், வெள்ளியில் நம் மக்கள் முடி எடுக்க மாட்டார்கள். வெள்ளியன்று நாலு பேராவது வந்துவிடுவார்கள். செவ்வாயன்று தமிழ்நாட்டு சலூன்கள் பலவற்றுக்கு விடுமுறை. திங்கள் ராத்திரி குவளைகளைக் கழுவி, கூழை வழித்துத் தனி டப்பாவில் போட்டு, கட்டிகளைச் சன்னல் திட்டில் கவிழ்த்து வைப்போம். புதன் காலை தொட்டால் கல்லாக இருக்கும். மக்கள் சாஸ்திரத்துக்கு விட்ட நாளில் எங்கள் சோப்பு உயிர் பிடித்துக்கொண்டது.

கட்டிச் சோப்பு சலூனைவிட்டுப் போனதற்கு டியூப் கிரீமின் சொகுசை மட்டும் காரணம் காட்டுவது சரியில்லை. ஒரே குவளை, ஒரே பிரஷ், பத்து முகம். இதில் பயப்பட நியாயம் இருந்தது. ஒருவருக்கு முகத்தில் கொப்புளம் கொப்புளமாகப் படை இருந்தால் அடுத்தவருக்கும் தொற்றும். மேல்நாட்டில் இதைவிடப் பெரிய ஆபத்தைப் பார்த்தார்கள். முதல் உலகப் போர் சமயத்தில், சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை மயிர் பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் பரவி ஆட்கள் செத்தார்கள். 1920-இல் பிரிட்டன் ஜப்பானிலிருந்து சவர பிரஷ் இறக்குமதியையே தடுத்தது. நம்மைத் தட்டி எழுப்பியது 1986. அந்த ஆண்டு சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தது. செய்தி கிராமம்வரை வர நாளானது. வந்த பிறகு கடைக்கு வருகிறவர்கள் கத்தியைத்தான் முதலில் பார்த்தார்கள். "அண்ணே, புது பிளேடு போடுங்க." தோல்வாரில் தீட்டிய கத்தி ஓரத்துக்குப் போனது. பிளேடைக் காகிதத்தோடு நடுவில் ஒடித்து, பாதியைப் பிடியில் செருகி, ஆளுக்கு ஒரு பாதி. கோயில்களிலும் மொட்டைக் கத்தி மாறியது. அந்த மாற்றம் நல்லது; வந்திருக்கத்தான் வேண்டும். கத்தி மாறிய கையோடு குவளையும் சந்தேகத்துக்குள்ளானது. டியூபிலிருந்து பிதுக்கினால் யார் முகமும் படாதது என்று ஒரு நிம்மதி. பிரஷ் மட்டும் பழையபடி பத்து முகத்துக்கும் போய்க்கொண்டிருந்ததை ஏனோ யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அப்பா அதை மட்டும் ஒவ்வொருவருக்கும் டெட்டால் தண்ணீரில் அலசினார்.

வீட்டுச் சவரத்தின் கதை வேறு. 1904-இல் ஜில்லெட் காப்புரிமை வாங்கிய பாதுகாப்பு ரேசர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் வாங்கிக் கொடுத்ததால் சிப்பாய்களுக்குப் பழகியது. நம் வட, தென் ஆற்காட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் விடுமுறைக்குத் திரும்பும்போது தகரப் பெட்டியில் ஒரு ரேசரும் ஈயத்தாள் சுற்றிய சவரக் குச்சியும் இருக்கும். குச்சிக்குக் குவளை வேண்டாம். நனைத்த தாடையில் நேரே தேய்த்து, பிரஷ்ஷால் கன்னத்திலேயே நுரை ஏற்றிக்கொள்ளலாம்; மூடி போட்டுச் சட்டைப்பையில் வைக்கலாம். சேரியிலிருந்து பட்டாளம் போனவர்களும் இருந்தார்கள். ஊர் நாவிதர் கை வைக்க மறுத்த முகத்தைத் தானே மழித்துக்கொண்டு, படிகாரம் தடவி, வெளியே வந்து நின்ற அந்த மனிதர்களுக்கு எங்கள் தயவு அன்றோடு தேவைப்படவில்லை. எங்கள் தொழிலுக்கு அது நஷ்டம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2020-இல் கொரோனாவுக்காக மார்ச்சில் மூடிய எங்கள் பக்கத்து சலூன்கள் மே மாதத்தில்தான் திறந்தன. மறு ஆண்டு அறநிலையத் துறை கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை எடுத்துவிட்டு, முடி இறக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தது. களத்து நெல்லிலிருந்து ஆரம்பித்த கூலி அரசாங்கக் கணக்குக்கு வந்து சேர்ந்ததைப் பார்க்க அப்பா இல்லை. தலைக்கு இப்போதும் தண்ணீர்தான். மழித்து முடித்ததும் சந்தனம்.

ஒரு வேடிக்கையான விஷயம் நடக்கிறது. சென்னையில், பெங்களூரில் வேலை பார்க்கும் பையன்கள், அழுத்தினால் வருகிற ஸ்பிரே நுரையை விட்டுவிட்டுக் கட்டிச் சோப்பைத் தேடி வாங்குகிறார்கள். அமாவாசைக்குக் குடும்பத்தோடு மலையனூர் வருகிறவர்கள் செஞ்சியில் என்னைப் பார்த்து, "மாமா, நுரை நிக்க மாட்டேங்குது" என்று டப்பாவை நீட்டுகிறார்கள். விலையுயர்ந்த சோப்பு, நல்ல பிரஷ். தண்ணீரைக் கேட்டால் போர் தண்ணீர். கேன் தண்ணீரில் சுற்றிப் பார்க்கச் சொல்கிறேன், அங்கேயே நிற்கிறது. அடுத்து டப்பாவைத் திறந்தால் உள்ளே கூழ். குளித்துவிட்டு அவசரத்தில் ஈரத்தோடு மூடிவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். மூடி பயணத்துக்கு மட்டும்தான் தம்பி என்று சொல்லி, டப்பாவைக் கவிழ்த்துக் கூழை வழித்து, கட்டியைச் சன்னலில் வைக்கிறேன். மறுநாள் காலை வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்வேன். மூடியைப் பெரும்பாலும் என்னிடமே விட்டுவிட்டுப் போகிறார்கள்.